கரமனைச் சாமியும் இரண்டாவது கையெழுத்தும்

வித்துரா பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் செய்தி சொன்னான். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, படியிலிருந்து இறங்காமலேயே, "அண்ணாச்சி, கரமனைச் சாமி போயாச்சு. இன்னைக்கு விடிய வெளுப்பானுக்கு. அறிஞ்சில்லையா?" என்றான். அறியவில்லை. என் கையில் பிரித்துப்போட்ட கார்புரேட்டர் ஒன்று இருந்தது. துக்கம் கேட்டவுடன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதெல்லாம் எங்கள் தொழிலில் கிடையாது. ஓடினால் ஒரு திருகாணி காணாமல் போகும். அதைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன். வழக்கமாகப் பத்து நிமிட வேலை. அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று.

அனந்தராமன் என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்கு அவர் கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பேட்டரிக் கொட்டகை வைத்திருந்த 'சூட்டுச் சாமி'. பேட்டரி இறங்குகிறது என்று காலையில் வண்டியைக் கொண்டுபோனால் தொடமாட்டார். "போய் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வா. கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வா, பாக்கறேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதைக் கிறுக்கு என்று நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். காரணம் தெரிந்த நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாரும் என்று மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தில் கேட்டார்கள். நான் அந்தக் காரணத்தை எழுதுகிறேன். அதில் நல்லது எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கார் பஸ் வருவதற்கு முன்னால், திருவனந்தபுரத்திலிருந்து மலைப்பக்கம் வண்டி ஓட்டிய ஒரு தனியார் கம்பெனியில் நாங்கள் இருவரும் இருந்தோம். அந்தக் கம்பெனி இன்று இல்லை, முதலாளியும் இல்லை. நான் நாஞ்சில்நாட்டிலிருந்து வந்தவன், இன்ஜின் வேலை. அவர் கரமனை அக்ரகாரத்துக்காரர், மின்சார வேலை. ஆபீஸில் பேனா பிடிக்க வேண்டிய கை ஆசிட்டில் கிடக்கிறதே என்று அவர் தெருவில் பேச்சு. வேட்டி முழுக்கப் பொத்தல் விழுந்திருக்கும். அவர் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். என்னை "ஓய் பிள்ளை" என்பார், நான் "சாமி" என்பேன். ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே அப்படித்தான் போயிற்று.

தொழிலில் அவரைப்போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. மலையில் ஒரு எஸ்டேட் துரையின் கார் இருந்தது. கோடை பிறந்தால் வாரத்துக்கு ஒரு தரம் பேட்டரி வறண்டு வந்து நிற்கும். கொல்லத்திலிருந்து வந்த ஆள் பேட்டரியை மாற்றினான். மதராஸிலிருந்து வந்தவன் டைனமோவை மாற்றினான். சாமி எதையும் மாற்றவில்லை. டிரைவர் காலடிப் பலகையைத் தூக்கி, புகைக்குழாய்க்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்தார். பத்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டார். "தண்ணி கொதிச்சுப் போயிண்டிருக்கு, வேறொண்ணுமில்லை. பகல் பூரா ஓடற வண்டி, லைட்டுக்குச் செலவு கிடையாது. டைனமோ ராத்திரிக்கும் சேத்து ஊத்தறது. கீழே அடுப்பும் எரியறது, மேலே உலையும் ரொம்பி வழியறது. பொங்காம என்ன செய்யும்?" என்றார். டைனமோவின் மூன்றாவது பிரஷ்ஷை ஒரு நூலளவு பின்னுக்குத் தள்ளி, சார்ஜைக் குறைத்தார். பிறகு துரை பங்களாவில் காலியான பிஸ்கட் டின் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டி நிமிர்த்தி, குழாய்க்கும் பேட்டரிக்கும் நடுவே மறைப்பாக நிறுத்தினார். அந்தப் பாகத்துக்கு என்ன பெயர் என்று துரை கேட்டார். "பிஸ்கட் டின்" என்றார் சாமி. அந்தக் கோடையில் பிறகு அந்தக் கார் நிற்கவில்லை.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரு கட்டு இருந்தது. பேட்டரியைத் தொட்டால் குளிக்காமல் வீட்டுக்குள் ஒரு வாய் சோறு கிடைக்காது. ஆசிட், ஈயம், யார் யாரோ தொட்ட பெட்டி, மடி கெட்டுவிடும். அவர் மனைவி விசாலம் அம்மாள் தங்கமானவர், ஆனால் இந்த ஒன்றில் இம்மியும் அசையமாட்டார். பேட்டரியைத் தொடும்போதெல்லாம் கரமனையாற்றில் போய் முங்கிக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்? ஆகவே சாமி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். விடியற்காலையில் டெப்போவுக்கு வந்து, நிற்கிற வண்டிகளின் பேட்டரி, டைனமோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிடுவார். பிறகு ஆற்றில் குளித்து, வேட்டி மாற்றி, சாப்பிட்டு, பத்து மணிக்குத் திரும்பி வந்தால் ஒயர், விளக்கு, ஹாரன் வேலை மட்டும். மறுநாள் விடியும்வரை பேட்டரியைத் தொடமாட்டார். வேலை சுத்தமாக நடந்ததால் நாங்கள் யாரும் அதில் குற்றம் காணவில்லை. அவர் சோதித்ததெல்லாம் இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டிகள் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பங்குனி வெயில் காயும் ஒரு மீன மாதத்தில் அது நடந்தது. மலையிலிருந்து திரும்பிய எங்கள் பஸ்ஸில், பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்க வந்தவள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று எஸ்டேட் கம்பவுண்டர் கைவிரித்துவிட்டார். டிரைவர் வேலாயுதன், மலையடிவாரத்து வித்துராக்காரன். குடிக்காதவன்; அந்தக் காலத்து டிரைவர்களில் இதைத் தனியாகச் சொல்லவேண்டும். வழியில் சின்ன ஓடை ஒன்றின் மேலுள்ள தோட்டுப் பாலத்தடியில் மாடன் கோயில் இருக்கிறது. சாலை இரண்டு பக்கமும் ஏறிப் போகும். கோயில் நடுப் பள்ளத்தில். போகிற வண்டிகள் அங்கே நின்று தேங்காய் உடைப்பது வழக்கம். மாடன் முன்னால் இன்ஜின் உறுமக் கூடாது என்று அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அன்று வேலாயுதன் நிற்காமல் போகத்தான் பார்த்தான். அந்தப் பெண்ணின் புருஷன் விடவில்லை. "அண்ணே, ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போயிருவோம். மாடன் கோவிச்சா எம்பொண்டாட்டி பொழைக்கமாட்டா" என்று அழுதானாம்.

வேலாயுதன் நிறுத்தி இன்ஜினை அணைத்தான். கோடைமழைக்கு மேகம் இருட்டியிருந்ததால், நாலு மணிக்கே முன்விளக்கைப் போட்டு ஓட்டி வந்திருந்தான், அதையும் அணைத்தான். பூசாரி வந்து கற்பூரம் காட்ட அரை மணி ஆயிற்று. திரும்பி வந்து செல்ஃபை அழுத்தினால் சத்தமே இல்லை. ஹாண்டில் போட்டுச் சுற்றினார்கள். பேட்டரி செத்தால் பொறி வராது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். மேட்டில் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? அடுத்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தாயும் பிள்ளையும் பின் சீட்டிலேயே முடிந்துபோனார்கள்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து டெப்போவில் போட்டார்கள். விடியற்காலையில் சாமி வந்து பார்த்தார். பேட்டரி காலி, சார்ஜ் ஏற்றினால் ஏறியது. டைனமோ சரி, ஒயர் சரி. "வண்டியில் பழுது இல்லை. முன்விளக்கு அணைக்கப்படாமல் இருந்திருக்க வேண்டும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, குளிக்கப் போனார். டெப்போ வாசலில் வேலாயுதன் அவரை மறித்தான். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "ஞான் அணைச்சதாக்கும் சாமி. என்றெ கையாலெ அணைச்சதாக்கும்" என்றான். "நான் பாத்துட்டேன் வேலாயுதா, எழுதியாச்சு" என்றார் சாமி. குரலில் கோபம்கூட இல்லை. அந்தக் காகிதத்தை வைத்து வேலாயுதனை வேலையிலிருந்து நீக்கினார்கள், லைசென்ஸையும் பிடுங்கினார்கள். வித்துரா சந்தையில் அவனுக்கு 'விளக்கு அணைக்காதவன்' என்று பெயர் விழுந்தது. செத்தவளின் சொந்தக்காரர்கள் அவன் வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஒரு மாதம் கழித்து அதே வண்டி, வேறு டிரைவர், அதே பாலத்தடி. நல்ல வெயிலில் தேங்காய் உடைக்க நின்று, பேட்டரி செத்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் சாமி சோதித்தார், பழுது இல்லை. கையில் ஆசிட் துணியோடு என்னிடம் வந்து, "ஓய் பிள்ளை, பட்டப்பகல்லே எவன் ஓய் லைட் போட்டான்?" என்றார். அன்று அவர் குளிக்கப் போகவில்லை. "வண்டியை எடும். மணல் மூட்டை ஏத்தும், ஆள் பாரம் வேணும். அந்த வேளைக்கு அந்த இடத்துக்குப் போகணும்" என்றார்.

நான்தான் ஓட்டினேன். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. உச்சி வெயிலில் மலை ஏறி, இறங்கி, பாலத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இன்ஜின் நின்றது, ஆனால் பானெட்டுக்குள் எதுவோ முனகிக்கொண்டே இருந்தது. சாமி பானெட்டைத் தூக்கி, கட்-அவுட்டைக் காட்டினார். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கதவுபோல இருக்கும் சின்னப் பெட்டி அது. இன்ஜின் ஓடினால் கதவு திறந்து பேட்டரிக்குச் சார்ஜ் போகும். நின்றால் மூடிக்கொள்ளும், போனது திரும்பி வராது. சூட்டில் அந்தக் கதவு ஒட்டிக்கொண்டு மூடாமல் நின்றிருந்தது. பேட்டரியிலிருந்ததெல்லாம் டைனமோ வழியாகத் திரும்பி வடிந்துகொண்டிருந்தது. மீட்டர் முள்ளைப் பார்த்தால் தெரிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் பாதி வண்டிக்கு மீட்டர் முள் கிடையாது. சாமி தன் குடிதண்ணீர்க் கூஜாவைத் திறந்து, அந்தப் பெட்டியின் மூடிமேல் மெல்ல ஊற்றினார். ஆவி எழுந்தது. டிக் என்று ஒரு சத்தம். முனகல் நின்றது.

"கேட்டீரா?" என்றார். "கேட்டேன் சாமி" என்றேன். அந்தப் பெட்டி புகைக்குழாயிலிருந்து நாலு விரற்கடைத் தூரத்தில் இருந்தது. வண்டி கம்பெனிக்கு வந்தபோது அது அங்கே இல்லை. முந்தைய மழைக்காலத்தில் அதன் பழைய தாங்கி உடைந்துபோய், வேறு கிடைக்காமல், இன்ஜின் பக்கத்தில் துளைபோட்டு அங்கே முடுக்கியவன் நான். அவருக்கும் அது தெரியும். "ஆறினப்புறம் எல்லாரும் யோக்யன்தான் ஓய்" என்று மட்டும் சொன்னார். அதை அவர் வண்டியைப் பற்றிச் சொன்னதாகத்தான் பிறகு கொட்டகைக்கு வந்தவர்கள் எல்லாரும் நினைத்தீர்கள்.

அன்று அவர் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை அந்தப் பாலக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, ஆசிட்டும் கரியும் படிந்த கையாலேயே தின்றார். கீழே தோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கையைக்கூட நனைக்கவில்லை. "சாமி, கையாவது கழுவும்" என்றேன். "மடியா இருந்துதானே ஓய் ஒருத்தன் குடியைக் கெடுத்தேன்" என்றார். அதன் பிறகு அவர் வேளை பார்த்துப் பேட்டரி தொட்டதில்லை. வீட்டிலும் தெருவிலும் அதற்கு என்னென்ன கேட்டாரோ, என்னிடம் சொன்னதில்லை.

மறுவாரம் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் சோதனையில் தாம் செய்தது பிழை, சூட்டில் சோதித்தபோது கட்-அவுட் ஒட்டியது, வேலாயுதன் மேல் குற்றமில்லை. பெட்டி இருந்த இடத்தைக் குறித்திருந்தார். யார் மாட்டியது என்று குறிக்கவில்லை. அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் அவர் போட்டிருந்தார். "நேரில் கண்டவர்னு போட்டா போறும். வேறே ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார்.

"சாமி, இதிலே நான் ஒப்பு வச்சா, பெட்டியை அங்க கொண்டு மாட்டினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். எனக்கு நாலு பிள்ளைய கெடக்கு" என்றேன்.

"வேலாயுதனுக்கும் மூணு இருக்கு ஓய்."

நான் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கெஞ்சவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனார்.

மானேஜர் கேட்டது பட்டறைவரை கேட்டது. "ஒரு மாசம் முந்தி பழுது இல்லைன்னு எழுதினதும் நீர்தான், இப்ப பழுதுன்னு எழுதறதும் நீர்தான். எதை ஓய் நம்பறது? கூட இருந்து பார்த்தது யார்?" சாமி என்ன சொல்வாரோ என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். "கூட ஒருத்தர் இருந்தார். அவரே வந்து சொன்னாத்தான் சரி. நான் பேரைச் சொல்லப்படாது" என்றார். அதோடு அந்தக் காகிதம் திரும்பி வந்தது. அந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார். நான் அந்த வாரமே அந்தப் பெட்டியைக் குளிர்ந்த பக்கம் மாற்றி முடுக்கி, மற்ற வண்டிகளையும் ஒரு தரம் பார்த்துவைத்தேன். பேட்டரித் தொல்லை ஓய்ந்தது. மானேஜர் என்னைக் கெட்டிக்காரன் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், பாராட்டும் ஓரிடம்தான்.

வேலாயுதன் பிறகு சந்தையில் மூட்டை தூக்கினான். குடிக்காதவன் குடிக்கக் கற்றுக்கொண்டான். நாலாவது வருஷம் ஈரல் கெட்டுச் செத்தான். அவன் இருந்தவரை வருஷத்துக்கு ஒருமுறை, மீன மாதத்தில், சாமி வித்துராவுக்குப் போய் அவன் முன்னால் உட்கார்ந்து, "தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு வருவார். அவன் செத்த பிறகு அவன் மனைவி கல்யாணியிடம் சொன்னார். நான் ஒரு தரமும் போனதில்லை.

சாமியின் வீட்டுக்கு நான் போனபோது எல்லாம் முடிந்து ஆற்றங்கரைக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு அடைத்ததாம், ஐந்தாறு மாதமாகவே இருமலாம். அக்ரகாரத்துத் தெருக்கோடியில், உள்ளே வராமல், வெள்ளை முண்டு கட்டிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணி. அதே பஸ்ஸில் செய்தி கேட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி பழைய கம்பெனியில் உள்ளதல்லே?" என்றாள். ஆமாம் என்றேன்.

"சாமி பறஞ்சிட்டுண்டு. பாலத்தடியில் சாமியோட இன்னொரு ஆளும் கண்டாருன்னு. ஆருன்னு நான் எத்தனையோ தடவை கேட்டேன், பறயல்லே. அந்த ஆள் இருந்தா, ஒரு வாக்கு சந்தையில வந்து சொன்னா போதும். ஜோலி ஒண்ணும் வேண்டா. இப்பவும் என் மக்களை லைட் அணைக்காதவன்றெ மக்கள்னுதான் விளிக்குது. அண்ணாச்சிக்கு அறியுமோ, அது ஆருன்னு?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நானும் பட்டறைக்குத் திரும்பி வந்தேன். அன்று சாப்பிட முடிந்தது, தூங்கவும் முடிந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அவருடைய கருவிகளைக் கொட்டகையை வாங்கப்போகிறவன் எடுத்துக்கொள்வான். அவரோடு எடுத்த படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் பெயர். மானேஜர் கேட்டும், வேலாயுதன் கேட்டும், கல்யாணி வருஷாவருஷம் கேட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லாமல், நானே வந்து சொல்லட்டும் என்று சாகும்வரை வைத்திருந்த பெயர். அவர் உயிரோடு இருக்கும்போது அதை வாங்கிக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. நேரிலே கேட்டவளிடமும் பொய் சொன்னேன். சங்கத்தார் இதை அச்சிட்டதும், அடுத்த சந்தை நாளில் நான் இதை எடுத்துக்கொண்டு வித்துராவுக்குப் போகிறேன். அங்கே எனக்குக் குரல் எழும்பாவிட்டால் படிக்கத் தெரிந்த யாராவது உரக்கப் படிக்கட்டும்.

வேலாயுதன் விளக்கை அணைத்திருந்தான். வண்டியில் பழுது இருந்தது. அந்தப் பழுதைச் செய்தவன் நான். சாமியோடு நின்று அதைக் கண்டவனும் நான்.

நேரில் கண்டவர்:
தாணுமாலயன் பிள்ளை, இன்ஜின் பிட்டர்.